ஒரே மலையில் ஐந்து நிலங்கள்: உயரமான எரிமலையில் ஏறும்போது மாறும் சூழல் மண்டலங்கள்

1848 ஆம் ஆண்டு மே மாதத்தில், கிழக்கு ஆப்பிரிக்காவின் சமவெளியில் நடந்துகொண்டிருந்த ஜோஹன்னஸ் ரெப்மன் என்ற ஜெர்மானியப் பாதிரியார், தொலைவில் நின்ற ஒரு மலையின் உச்சி வெண்மையாக ஒளிர்வதைக் கண்டார். அது பனி என்று அவர் எழுதி அனுப்பியதை ஐரோப்பியப் புவியியலாளர்கள் சிலர் ஏற்க மறுத்தார்கள். நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று டிகிரி தெற்கில், ஆண்டு முழுவதும் வெயில் காயும் நிலத்தில், பனி எப்படி உருகாமல் நிற்கும் என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. ரெப்மன் கண்ட மலை கிளிமஞ்சாரோ. அவர் சொன்னது உண்மை என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆனாலும் அந்தக் கேள்வி நல்ல கேள்வி. மலையேற்றத்துக்குப் புதியவர் ஒருவர் அறிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி அதற்கான விடையில் அடங்கியிருக்கிறது.

உயரமான மலை ஒன்றின் அடிவாரத்திலிருந்து உச்சி நோக்கி நடந்தால், சில ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்குள் தோட்டம், மழைக்காடு, புதர்வெளி, பாலை, பனிநிலம் என்று நிலத்தின் இயல்பே மாறிக்கொண்டு போகும். உயரத்தை ஒட்டி இப்படி அடுக்கடுக்காக அமையும் வாழிடங்களையே சூழல் மண்டலங்கள் என்கிறோம். நிலத்தை ஐந்தாகப் பகுத்த திணை மரபை அறிந்தவர்களுக்கு இந்தக் கருத்து புதிதாகத் தோன்றாது. நிலமும் பொழுதும், அங்கு வளரும் மரமும் வாழும் விலங்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதே இரண்டுக்கும் அடிப்படை. இங்கே அந்த நிலங்கள் அக்கம்பக்கமாகப் பரந்து கிடக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன என்பதுதான் வேறுபாடு.

இக்கருத்தை அறிவியலாளர்கள் வகுத்துக்கொண்டதே எரிமலைகளின் சரிவுகளில்தான் என்பது குறிப்பிடத்தக்கது. ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் 1802 ஆம் ஆண்டில் ஈக்வடாரிலுள்ள சிம்போராசோ எரிமலையில் ஏறினார். உச்சியை அவரால் எட்ட முடியவில்லை. ஆனால் எந்த உயரத்தில் எந்தச் செடி வளர்கிறது என்று குறித்துக்கொண்டு வந்து, 1807 இல் அம்மலையின் குறுக்குவெட்டுப் படத்தில் ஒவ்வொரு செடியின் பெயரையும் அதன் உயரத்திலேயே எழுதி வெளியிட்டார். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பழைய எரிமலை ஒன்றின் எச்சமான சான் பிரான்சிஸ்கோ சிகரங்களில் 1889 ஆம் ஆண்டு ஆய்வு செய்த உயிரியலாளர் ஹார்ட் மெரியம், அடிவாரப் பாலையிலிருந்து உச்சி வரை உள்ள அடுக்குகளை உயிர் மண்டலங்கள் என்று வகுத்தார். அதே 1889 ஆம் ஆண்டின் அக்டோபரில் ஜெர்மானியரான ஹான்ஸ் மேயரும் ஆஸ்திரிய மலையேறி லுட்விக் புர்ட்ஷெல்லரும் கிளிமஞ்சாரோவின் உச்சியை அடைந்தார்கள்.

எரிமலைகள் இந்தப் பாடத்துக்கு ஏற்றவையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இமயம் போன்ற மலைத்தொடர்களில் ஒரு சிகரம் மற்றொன்றை மறைக்கிறது, பள்ளத்தாக்குகள் குறுக்கிடுகின்றன, மண்டலங்கள் கலைந்து தெரிகின்றன. எரிமலையோ பெரும்பாலும் சமவெளியிலிருந்து தனித்து எழுந்த கூம்பு. அதைச் சுற்றிலும் மண்டலங்கள் வளையம் வளையமாகத் தெளிவாக அமைகின்றன. கிளிமஞ்சாரோ உண்மையில் ஷிரா, மாவென்சி, கிபோ என்ற மூன்று எரிமலைகள் ஒட்டி வளர்ந்த மலை. ஷிராவும் மாவென்சியும் அணைந்துவிட்டன. நடுவில் நிற்கும் கிபோ உறங்கும் எரிமலை. அதன் வாய்க்குள் இன்றும் கந்தக வாடையுடன் ஆவி கசிகிறது. கிபோவின் விளிம்பில் உள்ள உஹுரு முனைதான் 5,895 மீட்டர் உயரமுள்ள உச்சி, ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த இடம். இக்கட்டுரையில் அந்த மலையையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அதில் ஏறுவதற்குக் கயிறும் கோடரியும் பாறையேற்றப் பயிற்சியும் தேவையில்லை, நடந்தே போகலாம் என்பதால் புதியவர்கள் பலர் முதலில் நாடும் உயர்ந்த மலை அதுவே.

சூரியனை நெருங்கினால் ஏன் குளிர்கிறது?

மேலே ஏறினால் சூரியனை நெருங்குகிறோம், ஆகவே வெப்பம் கூடத்தானே வேண்டும் என்ற ஐயம் பலருக்கும் எழுவது. சூரியன் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதில் ஆறு கிலோமீட்டர் குறைவதால் எதுவும் மாறுவதில்லை. சூரிய ஒளி காற்றை நேரடியாகச் சூடாக்குவது குறைவு. அது நிலத்தைச் சூடாக்குகிறது, நிலம் தன்மேல் படிந்திருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலெழும்போது அங்கே அழுத்தம் குறைவாக இருப்பதால் விரிகிறது. விரிவதற்குத் தேவையான ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்வதால் குளிர்ந்துபோகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அங்கே அழுத்தப்படும் காற்று சூடாகிறது, இங்கே விரியும் காற்று குளிர்கிறது.

சராசரியாக ஒவ்வோர் 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை 6 முதல் 6.5 டிகிரி செல்சியஸ் வரை குறையும். கிளிமஞ்சாரோவில் இந்தக் கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்திலுள்ள மோஷி நகரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 23 டிகிரி அளவில் இருக்கிறது. உச்சியின் சராசரி பூஜ்யத்துக்குக் கீழே 7 டிகிரி. இரண்டுக்கும் இடையில் உயரம் 5,000 மீட்டர் கூடுகிறது, வெப்பநிலை 30 டிகிரி குறைகிறது. ரெப்மனை நம்பாதவர்கள் நிலநடுக்கோட்டிலிருந்து உள்ள தொலைவை மட்டும் கணக்கிட்டு, உயரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள்.

ஆனால் குளிரை மட்டும் வைத்து மண்டலங்களை விளக்கிவிட முடியாது என்பதை இங்கேயே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல அறிமுகக் கட்டுரைகள், மேலே போகப்போகக் குளிரும், எனவே செடிகள் குறையும் என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகின்றன. அது உண்மையானால் அடிவாரத்தில்தான் அடர்ந்த காடு இருக்க வேண்டும். அப்படி இல்லை. அடிவாரத்தைச் சுற்றியுள்ள சமவெளி காய்ந்த புல்வெளி. காடு தொடங்குவது நடுச்சரிவில். இதற்குக் காரணம் தண்ணீர். இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறிக் குளிரும்போது, அதன் ஈரம் மேகமாகத் திரண்டு 2,000 முதல் 3,000 மீட்டர் வரையிலான சரிவில் மழையாகக் கொட்டுகிறது. தெற்குச் சரிவின் காட்டுப் பகுதியில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதற்கு மேலே செல்லும் காற்றில் ஈரம் மிஞ்சுவதில்லை. 4,000 மீட்டரைத் தாண்டினால் ஆண்டு மழையளவு 250 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அது பாலைவனத்துக்குரிய அளவு. ஆகவே வெப்பநிலை அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒரே சீராகக் குறைகிறது, ஈரமோ முதலில் கூடி, நடுவில் உச்சத்தை எட்டி, பிறகு குறைகிறது. இந்த இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் விதத்தில்தான் மண்டலங்கள் பிறக்கின்றன.

மழை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். தென்கிழக்குக் காற்றை எதிர்கொள்ளும் தெற்குச் சரிவு நனைந்து கிடக்க, வடக்குச் சரிவு மழை மறைவில் நிற்கிறது. ஒரே உயரத்தில் தெற்கே கற்பூர மரவகைகளும் மரப்பெரணிகளும் நிற்க, வடக்கே வறட்சி தாங்கும் ஜுனிப்பர் மரங்கள் நிற்பதை அங்கே காணலாம்.

தோட்டத்திலிருந்து காட்டுக்கு

கிளிமஞ்சாரோவின் முதல் மண்டலம் மனிதர்களுடையது. ஏறத்தாழ 800 முதல் 1,800 மீட்டர் வரை சாகா இன மக்கள் தலைமுறைகளாக வளர்த்துவரும் தோட்டங்கள் பரந்துள்ளன. உயர்ந்த நிழல் மரங்கள், அவற்றின் கீழ் வாழை, அதன் கீழ் காப்பிச் செடி, தரையில் கிழங்குகளும் காய்கறிகளும் என்று காட்டின் அடுக்குகளையே பயிரில் அமைத்திருக்கிறார்கள். எரிமலைச் சாம்பலும் லாவாவும் சிதைந்து உண்டான மண் வளமானது; மேலேயுள்ள காட்டிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரை அவர்கள் கீழே கொண்டுவந்தார்கள். மலையேறுபவர்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியை வண்டியில் கடந்துவிடுகிறார்கள். அது ஓர் இழப்பு என்றே நினைக்கிறேன்.

பூங்காவின் நுழைவாயில்கள் பலவும் இரண்டாம் மண்டலமான மழைக்காட்டின் விளிம்பில் இருக்கின்றன. கிளிமஞ்சாரோ தேசியப் பூங்கா 1973 இல் அமைக்கப்பட்டது; 1987 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் இங்கே ஏற அனுமதி கிடையாது. 1,800 முதல் 2,800 மீட்டர் வரையுள்ள காட்டில் முதல் நாள் நடை முழுவதும் ஈரத்திலேயே கழியும். வறண்ட மாதங்களிலும் இங்கே மழை பெய்யக்கூடும் என்பதால், பையின் மேலேயே மழைச்சட்டை இருக்க வேண்டும். பைக்குள் உள்ள மாற்று உடைகளைத் தனித்தனி நீர்புகா உறைகளில் கட்டி வைக்க வேண்டும். காட்டில் நனைந்த உடை மேலேயுள்ள குளிரில் எளிதில் காயாது. கறுப்பு வெள்ளை மேலாடை போர்த்தியது போன்ற கொலோபஸ் குரங்குகளை இங்கே கிளைகளில் காணலாம். கென்யா மலையைப் போன்ற மற்ற கிழக்கு ஆப்பிரிக்க மலைகளில் காட்டுக்கு மேல் தெளிவான மூங்கில் வளையம் ஒன்று உண்டு. கிளிமஞ்சாரோவில் அது இல்லை.

காடு முடிவதை அறிவிப்புப் பலகை பார்த்துத்தான் அறிய வேண்டும் என்பதில்லை. மரங்கள் குட்டையாகின்றன, இலைகள் சிறுத்து ஊசிபோல் ஆகின்றன, கிளைகளிலிருந்து லைக்கன்கள் (பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிர்கள்) நரைத்த தாடியைப் போலத் தொங்கத் தொடங்குகின்றன. அந்தத் தாடிகள் மேகத்தின் ஈரத்தை நேரடியாகப் பிடித்து உறிஞ்சுபவை. அவை தொங்கும் உயரமே மேகம் அன்றாடம் வந்து தங்கும் உயரம் என்று கொள்ளலாம்.

ஒவ்வொரு நாளும் கோடை, ஒவ்வோர் இரவும் குளிர்காலம்

2,800 முதல் 4,000 மீட்டர் வரையிலான மூன்றாம் மண்டலம் ஹீத் எனப்படும் சிற்றிலைப் புதர்களும் திறந்த மேட்டு வெளிகளும் கொண்டது. எரிக்கா என்னும் ஹீத் இனம் இதன் கீழ்ப்பகுதியில் மரமாகவே வளர்ந்து நிற்கிறது. மேலே போகப்போக இடுப்பளவு, முழங்காலளவு என்று தாழ்கிறது. மேகத்துக்கு மேலே வந்துவிட்டதால் வெயில் கடுமை. காற்று மெலிந்திருப்பதால் புற ஊதாக் கதிர்கள் குறைந்த தடையோடு வந்து சேர்கின்றன. குளிர்ந்த காற்றில் நடக்கும்போது தோல் வெந்துகொண்டிருப்பது உடனே தெரியாது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வெயில் களிம்பு ஆகியவை பனியை எதிர்பார்த்து வந்தவருக்கு இங்கேதான் முதலில் தேவைப்படும்.

இம்மண்டலத்தின் மேல் விளிம்பில், பாரங்கோ பள்ளத்தாக்கு போன்ற இடங்களில், இப்பகுதியின் உயர்மலைகளுக்கே உரிய இரண்டு செடிகள் நிற்கின்றன. வெப்பமண்டல உயர் மலை என்றால் என்னவென்பதை அவற்றைவிடத் தெளிவாக விளக்கக்கூடியது எதுவும் இல்லை என்பதால், அவற்றின் அருகில் சற்று நேரம் நிற்போம்.

நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் மாதத்துக்கு மாதம் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. ஐரோப்பிய மலைகளில் வளரும் செடி, குளிர்காலம் நெருங்குவதை உணர்ந்து இலையை உதிர்த்துவிட்டோ, பனிப் போர்வைக்கடியில் ஒடுங்கியோ சில மாதங்களைக் கடத்திவிடலாம். இங்குள்ள செடிக்கு அந்த வழி இல்லை. காலையில் வெயில் சுடுகிறது, இரவில் நீர் உறைகிறது; இது ஆண்டின் எல்லா நாட்களிலும் நடக்கிறது. ஆகவே நாள்தோறும் குளிர்காலத்துக்குள் போய் மீண்டு வரும் ஏற்பாடு ஒன்று அதற்கு வேண்டும்.

ராட்சத செனெசியோ என்ற மரம் அதற்குக் கண்ட வழி, பழையதை உதறாமல் வைத்துக்கொள்வது. தாவரவியலில் இதன் பெயர் டென்ட்ரோசெனெசியோ கிளிமஞ்சாரி. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் ஐந்து மீட்டருக்கும் மேல் உயரக்கூடியது. தடித்த தண்டின் நுனியில் முட்டைக்கோசு போன்ற இலைக்கொத்து பச்சையாக விரிந்திருக்க, அதன் கீழே தண்டு முழுவதும் காய்ந்த இலைகள் உதிராமல் கம்பளிபோல் சுற்றிக் கிடக்கும். பார்ப்பதற்குச் சருகுதான். ஆனால் அந்தச் சருகு உறை, இரவில் தண்டுக்குள் இருக்கும் நீர் உறைந்துவிடாமல் காக்கிறது. காலையில் வெயில் பட்டவுடன் இலைகள் ஆவியை வெளிவிடத் தொடங்கும். மண்ணோ இன்னும் உறைந்திருப்பதால் வேரால் நீர் எடுக்க முடியாது. அந்த இடைவெளியில் இலைகளுக்குத் தண்ணீர் கொடுப்பது தண்டின் சோற்றில் உறையாமல் தேங்கியிருக்கும் சேமிப்புதான். படமெடுக்கும் ஆர்வத்தில் அந்தச் சருகுகளைப் பிடித்து இழுப்பவர்கள், தாம் செய்வது இன்னதென்று அறிந்தால் இழுக்க மாட்டார்கள். மிக மெதுவாக வளரும் மரம் அது. உறையை இழந்தால் மீட்டுக்கொள்வது கடினம்.

லொபேலியா டெக்கெனி என்ற மற்றொரு செடி தண்ணீரையே கவசமாக்கிக்கொள்கிறது. தரையோடு ஒட்டிய அதன் இலைவட்டம் கிண்ணம்போல் அமைந்து நீரைத் தேக்கி வைத்திருக்கும். மாலையில் உள் இலைகள் மொட்டை நோக்கி மடங்கி மூடிக்கொள்ளும். விடியற்காலையில் முகாமிலிருந்து புறப்படும்போது குனிந்து பார்த்தால், அந்தக் கிண்ணத்தின் மேற்பரப்பில் மெல்லிய பனித்தகடு ஒன்று மூடிபோல் கிடப்பதைக் காணலாம். அதற்கடியில் நீர் நீராகவே இருக்கும். நீர் முழுவதும் உறைந்து முடியும் வரை அதன் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது. எனவே அதற்குள் மூழ்கியிருக்கும் வளர்மொட்டு வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் தப்பித்துக்கொள்கிறது. ஒரு மணி நேரத்தில் வெயில் ஏறினால் பனித்தகடு காணாமல் போகும். இந்தக் காட்சிக்காகவே காலையில் சற்று முன்னதாக எழுந்திருக்கலாம்.

இதே வாழ்க்கை நிலை உள்ள வேறு மலைகளிலும் இதே வடிவம் தோன்றியிருக்கிறது. ஆண்டிஸ் மலைகளின் எஸ்பெலெட்டியாவும், ஹவாயின் ஹாலேயாகாலா எரிமலையில் வளரும் வெள்ளிவாள் செடியும் கொத்திலைகளோடு நிற்பவை. அவை ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவையல்ல. சுற்றிலும் வெப்பமான தாழ்நிலமோ கடலோ சூழ்ந்திருக்க, ஒவ்வொரு மலையின் குளிர்ந்த உச்சியும் ஒரு தீவுபோலத் தனித்து நின்று, தன் செடிகளைத் தானே உருவாக்கிக்கொண்டிருக்கிறது. கிளிமஞ்சாரோவின் செனெசியோ அம்மலைக்கே உரியதாக இருப்பதும் இதனால்தான்.

உயர் பாலையும் மனித உடலும்

4,000 மீட்டருக்கு மேல் நான்காம் மண்டலமான உயர் பாலை தொடங்குகிறது. இங்கே செடி வளராததற்குக் குளிரும் வறட்சியும் மட்டும் காரணமல்ல, மண்ணே நிலையாக நிற்பதில்லை. சாம்பல் மண்ணில் இருக்கும் சிறிதளவு ஈரம் இரவில் ஊசி ஊசியாக உறைந்து எழும்பி மேல்மண்ணைத் தூக்கிவிடுகிறது. காலையில் உருகும்போது மண் சரிந்து விழுகிறது. முளைத்த விதையின் வேர் இதில் அறுந்துபோகும். பாறை இடுக்குகளில் ஒட்டிக்கொண்ட ஹெலிகிரைசம் போன்ற சில வாடாப் பூச்செடிகளும் புல் திட்டுகளும் லைக்கன்களுமே தாக்குப்பிடிக்கின்றன. எரிமலைப் பாறை நுண்துளைகள் நிறைந்தது என்பதால் பெய்யும் சிறிது நீரும் உள்ளே இறங்கி, கீழே ஊற்றாக வெளிப்படுகிறது. உச்சிக்கு முந்தைய பாராஃபு முகாமில் நீர்நிலை எதுவும் இல்லை; கீழேயுள்ள கராங்கா பள்ளத்தாக்கிலிருந்து சுமைதூக்குபவர்கள் தண்ணீரைச் சுமந்து ஏறுகிறார்கள். சுவாஹிலி மொழியில் பாராஃபு என்றால் பனிக்கட்டி. அங்கே ஒரு குவளை தேநீர் கையில் வரும்போது, அந்தத் தண்ணீர் யார் தோளில் வந்தது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மனித உடலும் இம்மண்டலத்தில் தன் எல்லையை உணரத் தொடங்குகிறது. உயரத்தில் ஆக்சிஜன் விகிதம் குறைவு என்று பலர் சொல்வது சரியல்ல. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தம். உச்சியில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதி. எனவே ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனும் பாதியே. தண்ணீர் 81 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும்.

உடல் இதைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ளும், ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும். முதல் சில மணி நேரத்தில் மூச்சின் வேகமும் இதயத் துடிப்பும் கூடும். மூச்சு கூடினால் கரியமிலவாயு அதிகமாக வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை உயரும். அதைச் சரிசெய்யச் சிறுநீரகங்கள் சில நாட்கள் உழைக்கும். மலையில் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்வது உடல் பழகிவருவதன் அறிகுறி. அதற்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கக் கூடாது. சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரங்கள் ஆகும். ஒரு வாரப் பயணத்தில் அதை எதிர்பார்க்க முடியாது.

பழகுவதற்கு நேரம் கொடுக்காமல் ஏறினால் மலைநோய் வரும். தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், தூக்கமின்மை ஆகியவை அதன் தொடக்க அறிகுறிகள். இவை தோன்றினால் அதற்குமேல் ஏறாமல் அதே உயரத்தில் தங்க வேண்டும்; கூடினால் இறங்க வேண்டும். நேர்கோட்டில் குதிகாலும் விரலும் தொட நடக்க முடியாமல் தள்ளாடுவதும் பேச்சு குழறுவதும் மூளையில் நீர் கோத்ததைக் காட்டுபவை. ஓய்வில் இருக்கும்போதே மூச்சிரைப்பதும் இருமலும் நுரையீரலில் நீர் கோத்ததைக் காட்டுபவை. இவை உயிர்க்கு ஆபத்தானவை. இரவானாலும், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும், உடனே இறங்குவதே முதல் மருந்து. உடல் வலுவுள்ள இளைஞர்களுக்கு இது வராது என்ற நம்பிக்கை தவறானது. வலுவுள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களே பலமுறை சிக்கிக்கொள்கிறார்கள். வழிகாட்டிகள் நாள் முழுவதும் சொல்லும் ‘போலே போலே’ என்ற சுவாஹிலிச் சொல்லுக்கு மெதுவாக, மெதுவாக என்று பொருள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே சரியான வேகம்.

ஆகவே எந்த வழியில் ஏறுவது என்று தேர்ந்தெடுக்கும்போது நாட்களையும் தூங்கும் உயரத்தையும் பார்க்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. மராங்கு வழியில் மாண்டாரா குடில் 2,720 மீட்டர், ஹோரொம்போ 3,720, கிபோ குடில் ஏறத்தாழ 4,720. ஓய்வு நாள் இல்லாமல் சென்றால் ஒவ்வோர் இரவும் 1,000 மீட்டர் கூடுகிறது. அறிவுரையைப்போல் இரு மடங்கு. குடிலில் கட்டில் கிடைக்கிறது என்பதற்காக இதை எளிய வழி என்று எண்ணிவிடக் கூடாது. ஹோரொம்போவில் கூடுதலாக ஒரு நாள் தங்குவது கட்டாயம் என்றே நான் சொல்வேன். மச்சாமே வழியில், ஷிரா முகாமில் ஏறத்தாழ 3,800 மீட்டரில் தூங்கியவர்கள் மறுநாள் 4,600 மீட்டரிலுள்ள லாவா கோபுரம் வரை ஏறி, அங்கிருந்து ஏறத்தாழ 3,950 மீட்டரிலுள்ள பாரங்கோவுக்கு இறங்கித் தூங்குகிறார்கள். உயரத்தின் அனுபவம் உடலுக்குக் கிடைக்கிறது, இரவின் ஓய்வோ தாழ்வில் கிடைக்கிறது. அதற்கடுத்த இரவைக் கராங்காவில் 4,000 மீட்டர் அளவிலேயே கழித்துவிட்டால், மூன்று இரவுகள் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் கிடைத்துவிடும். கூடாரத்தில் தூங்க நேர்ந்தாலும், இந்த அமைப்புக்காகவே ஏழு நாட்களில் முடியும் மச்சாமே பயணம், ஐந்து நாட்களில் முடியும் மராங்கு பயணத்தைவிட மேலானது.

உச்சி

கடைசி ஏற்றம் நள்ளிரவை ஒட்டித் தொடங்குகிறது. செடியின் வேரை அறுத்த அதே உறைபனி இப்போது நடப்பவருக்கு உதவுகிறது: பகலில் ஒவ்வோர் அடிக்கும் பாதி சறுக்கும் சாம்பல் சரிவு, இரவில் உறைந்து இறுகிப் பாதத்தைத் தாங்குகிறது. பகல் ஏறினால் கீழிருந்து மேகமும் எழுந்துவிடும் என்பதால், அதற்கு முன் உச்சியைத் தொட்டுத் திரும்ப வேண்டும் என்பதும் காரணம். பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி, காற்று வீசினால் அதைவிடக் கடுமையான குளிர் இருக்கலாம். தண்ணீர்ப் பையின் குழாய் முதலில் உறையும். எனவே வாயகன்ற புட்டியில் நீரை எடுத்து, அதைத் தலைகீழாகப் பையில் வைக்க வேண்டும். பனி மேற்பரப்பில்தான் முதலில் கட்டும். நிமிர்த்தும்போது வாய்ப்பக்கம் நீராக இருக்கும். லொபேலியாவின் கிண்ணத்தில் கண்டதும் இதுவே.

5,000 மீட்டருக்கு மேலுள்ள ஐந்தாம் மண்டலத்தில் கல், சாம்பல், பனி, பாறையில் பூத்த லைக்கன் ஆகியவற்றைத் தவிர ஏறத்தாழ எதுவும் இல்லை. எரிமலை வாயின் விளிம்பை எட்டியதும், விடியல் வெளிச்சத்தில் பனியாறுகளின் செங்குத்தான வெண்சுவர்கள் தெரியத் தொடங்கும். 1912 இல் 12 சதுர கிலோமீட்டர் அளவில் இருந்த இந்தப் பனிப்பரப்பு, 2007 க்குள் 85 விழுக்காடு குறைந்துவிட்டது. அதன் ஒரு பகுதி உருகாமலேயே, வறண்ட காற்றில் நேரடியாக ஆவியாகிப் போகிறது. புவி வெப்பமடைவதோடு, மலைக்கு வரும் ஈரம் குறைந்ததும் இதற்குக் காரணம். மழையைத் தாங்கும் நடுக்காட்டுக்கு மேலேயுள்ள எரிக்கா வனங்களும், வறண்ட ஆண்டுகளில் பரவும் தீயால் கீழ்நோக்கிப் பின்வாங்கியிருக்கின்றன. மேகத்திலிருந்து நீரைப் பிடித்து மண்ணுக்குத் தருபவை அந்த வனங்கள் என்பதால், அடிவாரத் தோட்டங்களின் தண்ணீரைப் பொறுத்தவரை பனியாற்றின் இழப்பைவிட இந்த இழப்பே பெரிதென்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. மண்டலங்களின் எல்லைகள் நிலையானவை அல்ல, இப்போதும் நகர்ந்துகொண்டிருப்பவை.

உச்சியில் நிற்கும் நேரம் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். அங்கே குடித்துத் தீர்த்த பிளாஸ்டிக் புட்டி ஒன்றை இறுக மூடிப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். ம்வேகா வழியாக இறங்கும்போது, ஏறுவதற்கு ஐந்தாறு நாட்கள் ஆன அதே மண்டலங்களை ஒன்றரை நாளில் தலைகீழ் வரிசையில் கடப்பீர்கள்: சாம்பல் சரிவு, பூச்செடித் திட்டுகள், ஹீத் புதர்கள், தாடி தொங்கும் கிளைகள், பிறகு சேறும் பெரணியும் தண்ணீரின் ஓசையும். தலைவலி இருந்தால் வழியிலேயே தீர்ந்திருக்கும்; மூச்சு தானாக ஆழப்படும். ஏறத்தாழ 1,640 மீட்டரில் உள்ள ம்வேகா வாயிலில் அந்தப் புட்டியை வெளியே எடுத்துப் பார்த்தால், உச்சியின் மெலிந்த காற்றை அடைத்துக்கொண்டு வந்த அது, கீழேயுள்ள காற்றின் அழுத்தத்தில் பக்கங்கள் உள்வாங்கி நசுங்கியிருக்கும்.